வீட்டில் இருமல் உள்ளவர்கள்

பிறர் எழுதியதில் தவறு கண்டுபிடிப்பது என் தொழில். பெங்களூரில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பதினாறு ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறேன். ‘கூறப்படுகிறது’ என்று வந்தால் கூறியது யார் என்று கேட்பேன். ‘பலர் காயம்’ என்று வந்தால் எத்தனை பேர் என்று கேட்பேன். ஆகவே என் மகள் பிறந்த மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் ஒரு படிவத்தை என்னிடம் நீட்டியபோது, அதை நிரப்ப என்னைவிடத் தகுதியான ஆள் அங்கே இல்லை என்றுதான் நினைத்தேன்.

படிவம் ஒரே பக்கம். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தாயின் வயது, முகவரி, காசநோய் மருந்து தொடங்கிய தேதி, குழந்தையின் எடை. கடைசிக்கு முந்தைய கேள்வி: வீட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர்கள் யார் யார்?

‘யாருமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என் மனைவி பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டைகளில் தையல் விட்டுப்போன இடத்தைப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஏழாம் மாதத்தில் அவளுக்கு இருமல் வந்தது. அந்தத் தளத்தில் இருமாதவர்கள் குறைவு. பஞ்சுத் தூசி என்றார்கள். அவளும் அப்படியே நம்பினாள். எட்டாம் மாதம் முடிந்தும் எடை ஏறவில்லை. பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் சளியைச் சோதிக்க எழுதிக் கொடுத்தார். காசநோய் என்று வந்தது. மாத்திரை தொடங்கிய பதினோராம் நாள், மூன்று வாரம் முன்கூட்டியே, குழந்தை பிறந்தாள்.

மனைவியை வார்டின் கோடியில் ஒரு தனியறையில் போட்டார்கள். கதவில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. கூட்டிப் பெருக்க வரும் ஆயா வாசலோடு நின்று துடைப்பத்தை மட்டும் உள்ளே நீட்டுவாள். நான் கதவின் கைப்பிடியைத் தொட்டால் “முட்டபேடி சார், முட்டபேடி” என்று கன்னடத்தில் எச்சரிப்பாள். தொடாதீர்கள் என்று அர்த்தம். அதே கைப்பிடியைச் சாயந்தரம் அவளே ஈரத்துணியால் துடைப்பாள். பிறகு அந்தத் துணியால் மற்ற அறைகளின் கைப்பிடிகளையும் துடைப்பாள்.

குழந்தை எடை குறைவு என்று ஆறு நாள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் வைத்திருந்தார்கள். ஆனால் தாயிடமிருந்து பிரித்து வைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரித்து வைத்தது நாங்கள்தான். பால் நேரத்துக்கு ஒரு நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்தச் சிவப்புத் தாளைத் தாண்டி உள்ளே போவார். மர்பி டவுனிலிருந்து வேலைக்கு வருகிறவர், தமிழ். நாற்பது வயதிருக்கும். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கும்.

“மாஸ்க்க ஏத்திப் போடும்மா. மூக்குக்கு மேல. பாப்பா உன் மூக்கப் பாக்க வரல, பால் குடிக்க வந்துகீது.”

டாக்டர் சொன்னதும் அதுதான். தாய்ப்பாலில் காசநோய் போகாது. தாயின் இருமலிலிருந்து காற்றில்தான் போகும். தாய் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. முகக்கவசத்தோடு தாராளமாகப் பால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். குழந்தைக்கு முன்ஜாக்கிரதையாக ஆறு மாதம் தினமும் ஒரு வேளை மருந்து. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மேற்கோள் குறி போட்டுக்கூட எழுதினேன்.

இந்தக் குறிப்பேட்டை வீட்டில் யாரும் படித்துப் பார்க்கவில்லை. அக்கா வந்துவிட்டாள்.

அக்கா கோலார் தங்கவயலில் இருக்கிறாள். நாங்கள் அந்த ஊர்தான். அம்மா இறந்த பிறகு அப்பா என்னோடு பெங்களூர் வந்துவிட்டார். அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். பிரசவம் என்றதும் காலை ரயிலில் இரண்டு பைகளோடு இறங்கினாள். குழந்தை வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் கூடத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். திட்டம் போட்டோம் என்பது மரியாதைக்கு. அக்கா போட்டாள்.

“அவ உள் ரூம்ல. கொழந்த கூடத்துல. தட்டு, டம்ளர், பக்கெட்டு எல்லாம் தனி.”

“டாக்டர் ஒண்ணா இருக்கலாம்னுதான சொன்னாங்க. மாஸ்க் போட்டுக்கிட்டு.”

“அவங்களுக்கு அது டூட்டிடா. நமக்கு இது கொழந்த.”



“பாலு?” என்றேன்.

“பீய்ச்சி டம்ளர்ல குடுக்கட்டும். கொதிக்க வெச்சுக் குடுக்கலாமா, கேட்டியா?”

“கொதிக்க வைக்கக் கூடாதாம்.”

“அப்ப இன்னா பண்றது?” என்று அக்கா யோசித்தாள். அவள் என்ன முடிவுக்கு வந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் சில நாள் அந்தப் பால் வாஷ்பேசினுக்குப் போனது. குழந்தைக்குப் பாலாடையில் கடைப் பவுடர்.

குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழவே இல்லை. அப்பா கையைத் தூக்கினார்.

“எங்கிட்ட குடுங்க. நான் இன்னா வேலைக்கா போறேன்?”

எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. அப்பாவைவிடச் சுத்தமான மனிதரை நான் பார்த்ததில்லை. காலையும் மாலையும் குளிப்பார். வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடிய வருடமே பீடியை விட்டவர். குழந்தை வந்த நாளிலிருந்து ஷிப்டுக்குப் போகிறவர் போலத் தயாரானார்: குளியல், வெளுத்த பனியன், தோளில் துவைத்த துண்டு, கைக்கு டெட்டால். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மடியை ஏந்துவார். அக்கா குழந்தையை வைப்பாள். அப்பா தொண்டையைக் கனைத்து இருமுவார்.

அந்த இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சுரங்கத்துக்குள் இறங்கிய ஆண்கள் எல்லோரும் இருமினார்கள். சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் மெல்லிய சுவர். யார் எழுந்துவிட்டார், யார் ஷிப்டு முடிந்து வருகிறார் என்பதை இருமலை வைத்தே சொல்வோம். பக்கத்து வீட்டுக்காரருடையது மூன்று தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒரு தட்டு. அப்பாவுடையது நீளமாக ஆரம்பித்துக் கடைசியில் கரகரவென்று அறுபடும். இருமாத ஆளை மேலேயே ஆபீசில் இருந்தவர் என்று கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பார்கள். பல வருடங்களுக்கு முன் சுரங்க ஆஸ்பத்திரியில் அப்பாவின் நெஞ்சைப் படமெடுத்துத் ‘தூசி’ என்றார்கள். அன்றோடு அந்த விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் இருமல் என்று சொன்னதில்லை. சுரங்கத்தின் பெயராலேயே மைன் என்போம். “இன்னிக்கு அப்பாவுக்கு மைன் ஜாஸ்தியா இருக்குது” என்பாள் அம்மா. குளிர்காலத்தில் ஜாஸ்தி, வெயிலில் கம்மி. வீட்டுக் கடிகாரத்தின் சத்தம் வீட்டில் இருப்பவர்கள் காதில் விழாது அல்லவா, அப்படி.

வாடகை வீட்டில் உள்ளறை ஜன்னல் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவான நடையைப் பார்த்திருந்தது. காலை வெயில் அங்கேதான் விழும். அப்பா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடையில் முன்னும் பின்னும் நடப்பார். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முகக்கவசத்தோடு என் மனைவி நிற்பாள். ஒவ்வொரு நடைக்கும் குழந்தையின் முகம் ஒருமுறை அவளுக்குத் தெரியும். அப்பா ஜன்னலருகே வரும்போது, அக்கா சொன்ன தூரத்தைவிட இரண்டடி கூடுதலாக விலகித்தான் நடப்பார். இருமல் வந்தால் நின்று, முகத்தைத் திருப்பி, துண்டின் ஒரு முனையில் இருமுவார். பிறகு துண்டின் மறுமுனையால் குழந்தையின் வாயோரம் துடைப்பார். மறுமுனை என்பதில் அவர் கறாராக இருந்தார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, நான் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி ஜன்னலருகே கூப்பிட்டாள்.

“மாமாவும் இருமுறாரே?”

“அது மைனு.”

“எனக்கும் பஞ்சுன்னுதான சொன்னாங்க?”

கூடத்திலிருந்து அக்கா கேட்டுவிட்டாள். “உன்னுது வேற, அவருது வேற. பெரிய மனுசன இதுல இழுக்காத.”

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆபீசில் நாள்தோறும் நீளமான அறிக்கைகளிலிருந்து தேவையற்ற வரிகளை அடித்துக்கொண்டே இருப்பேன். அந்த வீட்டில் அந்த மாதம் யாராவது ஒரே ஒரு சரியான வரி சொன்னார்கள் என்றால் அது இதுதான். அதையும் அடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பால் குறைந்துகொண்டே வந்தது. பத்தாம் நாள் டம்ளரில் கால்வாசிகூட இல்லை. அக்கா அப்போது அதைக் குழந்தைக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். கொஞ்சமாக இருந்ததால் ஆபத்தும் கொஞ்சம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மனைவி கதவுக்கு வெளியே ஸ்டூலில் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அது அவளுடைய டம்ளர் என்று தெரிய அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தாள் அக்கா.

வீட்டுக்கு வந்த பதினான்காம் நாள் எடை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு ஆட்டோவில் போனோம். முதல் ஆட்டோவில் அப்பா, மடியில் குழந்தை, பக்கத்தில் அக்கா. இரண்டாவதில் மனைவியும் நானும். அக்காவின் ஏற்பாடு.

எடை பார்க்கும் அறையில் அதே நர்ஸ் இருந்தார். குழந்தையைத் தராசில் போட்டார், அட்டையைப் பார்த்தார், மறுபடி தராசைப் பார்த்தார். ஏற வேண்டிய அளவு ஏறவில்லை.

“அம்மா எங்க?”

பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த மனைவியை அக்கா காட்டினாள்.

“ஏன், அவங்க அங்க, பாப்பா இங்க?”

“நாங்க கிட்டவே விடறதில்ல சிஸ்டர்” என்றாள் அக்கா, பாராட்டை எதிர்பார்க்கும் குரலில். “ரூம் தனி, தட்டு தனி. பாப்பாவ எங்கப்பாதான் பாத்துக்கிறாரு. மடிய விட்டு எறக்குறதில்ல.”

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பாவுக்கு இருமல் வந்தது. ஆஸ்பத்திரி மாடி ஏறியதால் வழக்கத்தைவிட நீளமாக வந்து, கடைசியில் கரகரவென்று அறுந்தது. துண்டின் முனையில் துடைத்துக்கொண்டார். அறையில் இருந்தவர்களில் நர்ஸ் ஒருவர்தான் திரும்பிப் பார்த்தார்.

“தாத்தா, எத்தன நாளா இருமல்?”

“இருமலா? எனக்கா?” அப்பா உண்மையாகவே வியந்தார்.

“இப்ப இருமுனது யாரு, நானா?”

“அது இருமல் இல்லம்மா. மைனு.”

“இன்னாது?”

அக்கா குறுக்கே வந்தாள். “கோலார்ல அண்டர்கிரவுண்ட்ல இருந்தவரு சிஸ்டர். இருவத்தாறு வருசம். நெஞ்சுல தூசி. அது அப்பிடியேதான் இருக்கும்.”

“அப்பிடியேதான் இருக்குதா? கூடலயா?”

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். பெஞ்சின் கோடியிலிருந்து முகக்கவசத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

“தீபாவளிலேருந்து கூடியிருக்குது சிஸ்டர். ராத்திரி வேர்த்துப்போயி ரெண்டு பனியன் மாத்துறாரு. நாந்தான தொவைச்சேன், ரூமுக்குள்ள போற வரைக்கும். பேன்ட்டும் இடுப்புல நிக்க மாட்டேங்குது, கயிறு கட்டுறாரு.”

நர்ஸ் கோப்பைத் திறந்தார். என் கையெழுத்து இருந்த தாளை எடுத்தார்.

“இருமல் உள்ளவங்க யாருமில்லைன்னு எழுதிகீது. யாரு எழுதுனது?”

“நான்தான்.”

“சாருக்கு இன்னா வேல?”

சொன்னேன்.

“பேப்பர்லயா” என்றார்.

அப்பாவின் மடியிலிருந்து குழந்தையை எடுத்தார். அறையைக் குறுக்கே கடந்து மனைவியின் கையில் வைத்தார். “மாஸ்க்க ஏத்து. மூக்குக்கு மேல. இப்பவே பால் குடு” என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு முகக்கவசத்தையும் சளி பிடித்துத் தர மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் கப்புகளையும் எடுத்து அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா கப்புகளை வாங்கவில்லை. “இருவத்தாறு வருசம் கீழ போயி வந்தவனுக்குக் கப்பு குடுக்குதே இந்தப் பொண்ணு” என்று என்னிடம் சொன்னார். நான் வாங்கிக்கொண்டேன்.

மனைவி பதினான்கு நாள் கழித்துக் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். குழந்தை மார்பில் வாய் வைக்க மறுத்து அலறினாள். பாலாடைக்குப் பழகிவிட்டிருந்தாள். நர்ஸ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தையின் தலையைப் பிடித்து, சொட்டு விட்டு, விலக்கி, மறுபடி சேர்த்துப் பார்த்தார். அரை மணி நேரம் ஆயிற்று. மனைவி அழவில்லை. சட்டையில் தையல் விட்ட இடத்தைத் தேடுகிறவள் போலக் குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வரும். பாப்பா மறக்கல, கோவமாகீது” என்றார் நர்ஸ். “தெனம் பத்து தபா வெச்சுப் பாரு. பீய்ச்சறதையும் விடாத.”

இரண்டு நாளில் அப்பாவின் சளிப் பரிசோதனை முடிவு வந்தது. காசநோய். சுரங்கத் தூசி படிந்த நெஞ்சில் அது சுலபமாக வந்து உட்காரும் என்றார் டாக்டர். அங்கிருந்து வந்தவர்கள் பலரும் தூசி என்றே நினைத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆதாரமில்லாமல் எழுதக் கூடாது என்பது எனக்கும் தெரியும். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கவும் தெரியும். அப்பாவுக்குக் கூடியது தீபாவளியில். மனைவிக்குத் தொடங்கியது பொங்கல் கழிந்து. அவளுக்கு மாத்திரை தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய புதிய சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஆக, அந்தப் பதினான்கு நாளில் எங்கள் வீட்டிலேயே குழந்தைக்கு ஆபத்தான இடம் அப்பாவின் மடி. ஆபத்து குறைவான இடத்தை நாங்கள் கதவு சாத்தி வைத்திருந்தோம்.

குழந்தையின் நெஞ்சைப் படமெடுத்தார்கள், இரைப்பை நீரை எடுத்துச் சோதித்தார்கள். எதுவும் இல்லை. தாயிடமிருந்து காப்பாற்ற எழுதிக் கொடுத்த மருந்துதான் தாத்தாவிடமிருந்தும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை ஒரு நாளும் தவறாமல் ஊற்றியவள் அக்கா. அந்த நன்றியை நான் குறைக்கவில்லை.

அன்றே வீடு மாறியது. அப்பா உள்ளறைக்குப் போனார். மனைவி கூடத்துக்கு வந்தாள். அக்கா தட்டையும் பக்கெட்டையும் இடம் மாற்றினாள். சிவப்புப் புள்ளி வைத்த டம்ளரைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, அப்பா வாசலில் ஸ்டூல் மேல் வைத்தாள். புள்ளியை அழிக்கவில்லை. பிறகு மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “முதுகுக்குத் தலகாணி வைக்கட்டுமா?” என்று கேட்டாள். எங்கள் அக்காவிடமிருந்து வரக்கூடிய மன்னிப்பு அவ்வளவுதான்.

“வைங்க அண்ணி” என்றாள் மனைவி. பிறகு, “வாஷ்பேசின் இன்னிக்கு அடைச்சிக்கிச்சு, பாத்தீங்களா?” என்றாள். அக்கா தலையணையை வைத்துவிட்டு எழுந்து போய் வாஷ்பேசினைச் சுத்தம் செய்தாள்.

குழந்தை மூன்றாம் நாள் வாய் வைத்தாள். முதலில் சப்பிவிட்டு விட்டாள். ஐந்தாம் நாள் விடவில்லை. முகக்கவசத்துக்கு மேலே மனைவியின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதுவதற்கில்லை.

அடுத்த வாரம் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். இந்த முறை நோயாளி என்ற இடத்தில் அப்பா. மற்றபடி அதே படிவம். பேனாவை வழக்கம்போல என்னிடம் நீட்டினார். கடைசிக்கு முந்தைய கேள்விக்கு வந்தேன். எழுதப்போகும்போது தொண்டையில் ஏதோ அடைத்து இரண்டு முறை இருமினேன்.

மடியில் குழந்தையோடு மனைவி நிமிர்ந்தாள். அக்கா சமையலறை வாசலுக்கு வந்தாள்.

“எத்தன நாளா?” என்றாள் மனைவி.

“இது ஒண்ணுமில்ல. ஏசி. ஆபீஸ்ல எனக்கு நேர் மேல இருக்குது. அங்க எல்லாருக்குமே—”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் சிரிப்பு வெடித்தது. சிரித்து இருமி, இருமி மறுபடி சிரித்தார்.

“மேடம், உடாதீங்க அவன! ஏசியாம்! நான் மைனுன்னேன், இவன் ஏசின்றான்! கப்பு குடுங்க!”

அந்தப் பெண் பையைத் திறந்து ஒரு கப்பை எடுத்தார். மனைவி ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டிப் படிவத்தையும் பேனாவையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு நேராக அவளே எழுதினாள். தூரத்திலிருந்து பார்த்தேன். என் பெயர்தான். எழுத்துப்பிழை இல்லை.